மாடி வீட்டு போஹாவெ

நீபெ,
1901 ஏப்ரல் 9

அன்புத் தம்பி எஸ்பெனுக்கு,

அக்கா மலேனெ எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம். சைபீரியாவிலிருந்து நீ அனுப்பிய கடிதமும் படமும் வந்து சேர்ந்தன. படத்தில் உன் வெண்ணெய்ப் பீப்பாய்கள் ரயிலில் ஏறுவது நன்றாகத் தெரிகிறது. உன் முகம்தான் தெரியவில்லை. அந்த ரோமத் தொப்பியைப் பார்த்துவிட்டு அம்மா, "இவன் கரடியைப் பிடிச்சானா, கரடி இவனைப் பிடிச்சுதா?" என்று கேட்டாள்.

கடற்கழியில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. ஹெர்ரிங் மீன் படகுகள் இறங்குகின்றன. கடையில் கயிறு, கொக்கி, ஆணி எல்லாம் கேட்ட விலைக்குப் போகின்றன. ஜெர்மன்காரன் அனுப்பிய நீல இனாமல் குண்டான்களில் பாதி ஓரம் உதிர்ந்து வந்தது. உதிர்ந்ததையெல்லாம் முன்வரிசையில் அடுக்கி, இன்று மட்டும் விலை குறைவு என்று எழுதிப் போட்டேன். நல்லதைவிட அதுதான் முதலில் தீர்ந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அம்மா மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள்.

சிரிக்காதே. நான் சிரித்து முடித்துவிட்டேன். மாப்பிள்ளை யார் என்று கேட்டால் நீ நம்ப மாட்டாய். கரையோரத்தில் விலாங்கு பிடிக்கிற கிரெஸ்டென். அப்பாவோடு படகில் போவாரே, அவர்தான். அவர் மனைவி செத்து வெகுகாலம் ஆயிற்று, பிள்ளை கிடையாது. சனிக்கிழமைதோறும் புகைபோட்ட விலாங்கை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு, கடைக்கு மேலே அம்மா இருக்கிற மாடிக்குப் போவார். அப்பாவின் நட்புக்காக வருகிறார் என்று நானும் விட்டுவிட்டேன். விலாங்குக்காரனைக் கண்காணிக்காமல் விட்டது என் தப்பு. வழுக்கிக்கொண்டு எங்கே போனார் பார்.

போன வாரம் அம்மா கடைக்கு இறங்கி வந்து, வாடிக்கையாளர் இருக்கும்போதே சொன்னாள்: "மலேனெ, கிரெஸ்டென் என்னைக் கேட்டாருடி. சரின்னுட்டேன்." நான் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். எப்படிக் கேட்டார் என்றேன். அம்மாவைப் போடில் என்று பெயர் சொல்லியே கேட்டாராம். "எங்க வீட்டுல சட்டி, கட்டில்னு போஹாவெ எல்லாம் இருக்கு போடில், அதை எடுத்துப் பொழங்கத்தான் ஒரு கை இல்லன்னாரு" என்று சொல்லிவிட்டுச் சிறுபெண் மாதிரி சிவந்தாள். அந்த வயதில் சிவப்பது பார்க்க நன்றாக இல்லை.

அப்பா செத்தபோது வீட்டையும் சாமானையும் பிரிக்காமல் அம்மாவே வைத்து ஆளட்டும் என்று நீயும் நானும் தலையாட்டினோம், நினைவிருக்கிறதா? அது அவள் விதவையாக இருக்கும்வரைதான். இன்னொருவனைக் கட்டுவதென்றால் முதலில் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்தாக வேண்டும். பிரித்தாயிற்று என்று நகர நீதிபதி சான்று தராவிட்டால் பாதிரியார் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க மாட்டார். அதற்காக மதிப்புப் போடுகிறவர்கள் இரண்டு பேர் வந்து போனார்கள். சேணம் தைக்கிறவரும் ரொட்டிக் கடைக்காரரும். நீதிபதியின் தாளில் "வீடும் போஹாவெயும்" என்று இருந்தது. எது போஹாவெ என்று இரண்டு பேரும் காபி குடித்துக்கொண்டே சண்டை போட்டார்கள். சுவரோடு சேர்ந்த கட்டில் வீடா, போஹாவெயா? கடிகாரம்? இரும்பு அடுப்பு? கடைசியில் சேணக்காரர் தாடியைத் தடவிக்கொண்டு, பழைய காலத்துப் பேச்சுப்படி வீட்டைவிட்டுத் தூக்கிக்கொண்டு போகக்கூடியது, ஆனால் ஆடுமாடு மாதிரி தின்னாதது எதுவோ அதெல்லாம் போஹாவெ என்று தீர்ப்புச் சொன்னார். அம்மா உடனே, "அப்ப நான் எதுல சேர்த்தி? என்னையும் தூக்கிட்டுப் போகப் போறாங்க. ஆனா நான் திம்பேனே!" என்றாள். இரண்டு கிழவர்களும் காபி சிந்தச் சிரித்தார்கள்.

அம்மாவுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு கணக்கு. அவள் கல்யாணத்தன்று வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது மட்டும்தான் அவளுக்கு போஹாவெ. பிற்பாடு வாங்கியதெல்லாம் வெறும் சாமான். எனக்கு இரண்டு கணக்கும் கிடையாது. பதினாலு வயதில் கருப்பு மண்சட்டிகளை முதுகில் கட்டிக்கொண்டு புதர்க்காட்டு வழியாக வாசல் வாசலாக விற்றவள் நான். எனக்கு அது அலமாரியில் அடுக்கி விலை எழுதுகிற சரக்கு.

ஆனால் வீடு என்றால் கடை, தம்பி. பங்கு பிரித்தால் வீட்டை விற்க வேண்டும், அல்லது நான் உனக்கும் அம்மாவுக்கும் கொடுத்துத் தீர்க்க வேண்டும். அம்மாவின் பங்கு புருஷன் கைக்குப் போகும். அவர் போன பிறகு அவருடைய தங்கை மகன் யெப்பெ கைக்குப் போகும். அப்பாவின் கூரையை யெப்பெக்கு எழுதிக் கொடுக்கவா நான் இத்தனை காலம் முதுகு ஒடிந்தேன்?

இப்போது நீ செய்ய வேண்டியது சுலபம். ஒன்றும் செய்யாதே. நீதிபதியிடமிருந்து உனக்குக் கடிதம் வரும், கையெழுத்துக் கேட்டு. பதில் எழுதாதே. மறுத்தும் எழுதாதே, மறுத்தால் காரணம் கேட்பார்கள். சைபீரியாவில் கடிதம் தொலைவது உலகத்துக்குத் தெரிந்ததுதானே. ஒரு வருஷம் பதில் இல்லையென்றால்தான் உனக்குப் பதிலாக வேறு ஒருவரை நீதிபதி நியமிப்பாராம், பேச்சுவாக்கில் கேட்டுக்கொண்டேன். என் கையெழுத்தை முதல் ஆளாகப் போட்டுவிட்டேன், அம்மா பக்கத்தில் நிற்கும்போதே. அவள் என் கன்னத்தைத் தட்டினாள்.

கிரெஸ்டெனுக்கு நெஞ்சில் சளி. போன குளிர்காலமே அவரை அரைகுறையாகத்தான் விட்டுவைத்தது. இன்னொரு குளிர்காலம் போகட்டும். அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் கையெழுத்துக் கேட்க வேண்டியிருக்காது.

உன் வெண்ணெயும் உன் உடம்பும் கெடாமல் தேவன் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அக்கா,
மலேனெ


நீபெ,
1901 செப்டம்பர் 2

அன்புத் தம்பிக்கு,

கடை விலாசத்துக்கு நீ எழுதிய கடிதம் கிடைத்தது. அம்மா கண்ணில் படவில்லை. "இது சரிதானா அக்கா?" என்று கேட்டிருக்கிறாய். சரியா தப்பா என்று பாதிரியாரிடம் கேள், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். என்னிடம் லாபமா நஷ்டமா என்று கேள், சொல்கிறேன். அம்மா இரண்டு முறை உனக்கு எழுதினாளாமே. நெஞ்சைத் தொடுகிற மாதிரி எழுதியிருந்தாள் என்கிறாய். இருக்கும். இரவல் கேட்க வருகிறவர்களும் நெஞ்சைத் தொடுகிற மாதிரிதான் பேசுகிறார்கள். அலமாரியைப் பூட்டு.

தபால்காரர் கடைக்குள் நுழைந்தாலே அம்மா மாடிப்படியில் நிற்கிறாள். "சைபீரியால இருந்து ஒண்ணும் இல்லையா?" இல்லை. வசந்தகாலத்தில், "பாவம், அங்க மை உறைஞ்சு போயிருக்கும்" என்றாள். நடுக்கோடையில், "இப்பவும் மை உறைஞ்சுதான் கெடக்குதா? இல்ல என் பிள்ளைதான் உறைஞ்சு போயிட்டானா?" என்று தபால்காரரைக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சில்லறை எண்ணினேன்.

கிரெஸ்டென் கோபப்படவில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. போன சந்தையன்று கடைக்கு வந்தார். நல்ல சட்டை, அதில் விலாங்குப் புகை வாடை. காபிக்கொட்டை அரைக்கிற மில் ஒன்று வேண்டும், பெண்பிள்ளை மடியில் வைத்துச் சுற்றுகிற மாதிரி, என்றார். பித்தளைக் கிண்ணம் வைத்ததை எடுத்துக் காட்டினேன். இருப்பதிலேயே விலை கூடியது. "உங்களுக்கா?" என்று தெரியாதவள் போலக் கேட்டேன். "எனக்குன்னா கல்லால தட்டிப் போட்டுக் குடிப்பேன் மலேனெ. வர்றவளுக்கு" என்றார். வருகிறவள் வர வருஷம் ஆகும் போலிருக்கிறதே என்றேன். இருமிவிட்டுச் சிரித்தார். "ஆகட்டுமே. வெலாங்கு பொறியில வர்ற வரைக்கும் நான் தண்ணியத் திட்டுறதில்ல." விலையில் ஒரு காசு குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நானும் குறைக்கவில்லை. துணி வேண்டுமா சுற்ற என்று கேட்டேன். வேண்டாம், ஊர் பார்க்கட்டும் என்று மில்லைக் கையிலேயே ஏந்திக்கொண்டு தெரு நீளம் நடந்து போனார்.

அம்மா அன்று மாலை பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். என் தலைக்கு மேல் பலகை அதிர்ந்தது. கடையில் இருந்த பெண்கள் மேலே பார்த்துச் சிரித்தார்கள்.

நீ உறுதியாக இரு. இலை உதிரத் தொடங்கிவிட்டது. கரையோரத்தில் ஈரக்காற்று வந்துவிட்டது.

உனக்குக் கம்பளிக் காலுறை நாலு ஜோடி அனுப்பியிருக்கிறேன். அம்மா பின்னியது. யார் பின்னியது என்று பார்க்காமல் போட்டுக்கொள்.

கர்த்தரின் நிழல் உன் வழியெல்லாம் விழட்டும்.

அக்கா மலேனெ


நீபெ,
1901 நவம்பர் 4

தம்பி எஸ்பென்,

இந்தக் கடிதத்தைக் கோபத்தில் எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

நவம்பர் முதல் தேதி வேலைக்காரர்கள் வீடு மாறுகிற நாள் என்பது உனக்குத் தெரியும். தெருவெல்லாம் பெட்டி தூக்கிய பெண்களும் பையன்களும். எனக்கும் அது நல்ல வியாபார நாள். புது வேலைக்காரிக்குப் புது வாளி வாங்குவார்கள். கூட்டமாக இருந்தது. வேலை மாறுகிறவர்கள் புத்தகத்தில் முத்திரை குத்துகிற காவல்காரர் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு, "கடைக்காரம்மா, இதென்ன உங்க அம்மாவுக்கு வெளையாட்டு? வேலைக்காரப் புத்தகத்தைக் கொண்டாந்து முத்திரை போடுங்கறாங்க!" என்றார். கையில் அம்மாவின் பழைய புத்தகம். கல்யாணத்துக்கு முன்னால் பெரிய பண்ணையில் பால் கறந்தாளே, அந்தக் காலத்துப் புத்தகம். கடைசியாக அங்கிருந்து விடுபட்ட நாள், அதற்குக் கீழே வெள்ளைத் தாள், அதற்குக் கீழே புதிதாக: விதவை போடில், கிரெஸ்டென் வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள்.

புரிகிறதா? கட்டிக்கொண்டால்தானே பங்கு பிரிக்க வேண்டும். வேலைக்காரியாகப் போனால் யாருடைய கையெழுத்தும் வேண்டாம். பாதிரியார் வாய் திறக்க முடியாது, ஊர் வாய் திறக்க முடியாது. கிழவன் ஒண்டியாக இருக்கிறான், வீட்டைப் பார்க்க ஒரு வயதான விதவையை வைத்துக்கொள்கிறான். நாட்டில் எத்தனை வீட்டில் இல்லை? வியாபாரத்தில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லை. எல்லாக் கதவையும் பூட்டினேன், வேலைக்காரர்கள் போகிற பின்வாசலை மறந்துவிட்டேன்.

கிரெஸ்டென் வண்டியோடு வாசலில் நின்றார். வேலைக்கு எடுத்தவன்தான் வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பது வழக்கம் இல்லையா, அந்த வழக்கத்தைத் துளி விடாமல் செய்தார். கடைக்குள்ளேயே வந்தார். அத்தனை பேர் பார்க்க, அம்மாவின் உள்ளங்கையில் அச்சாரக் காசை வைத்து விரலை மூடினார். "வேலை கஷ்டம் போடில். எசமான் கொறட்டை விடுவான்." அம்மா, "சம்பளத்தை ஒழுங்காக் குடுங்க எசமான், கொறட்டையை நான் பாத்துக்கறேன்" என்றாள். ஒரு பையன் விசிலடித்தான். பெண்கள் கைதட்டினார்கள். என் கடையில், எஸ்பென். என் கல்லாவுக்கு முன்னால்.

நான் அம்மாவைச் சரக்கு அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஊர் என்ன சொல்லும், கடைக்காரி மலேனெயின் அம்மா விலாங்குக்காரன் வீட்டில் சாம்பல் அள்ளுகிறாள் என்று சொல்லாதா என்று கேட்டேன். அவள் என் ஏப்ரனில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள். நான் தடுமாறி, எஸ்பெனிடமிருந்து கடிதம் வந்துவிடும், கொஞ்சம் பொறு என்று உளறினேன். அப்போது சொன்னாள்:

"வராதுடி. நீ கையெழுத்துப் போட்ட வேகத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வெல பேசாம நீ எதுலடி கையெழுத்துப் போட்டிருக்க?"

ஏப்ரலிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் கோடை முழுக்கப் படியில் நின்று தபால்காரரைக் கேட்டிருக்கிறாள். உனக்காக நின்றாளா, எனக்காக நின்றாளா, தெரியவில்லை.

ஒரு பெட்டிதான் கொண்டு போனாள். போஹாவெ முழுக்க மாடியில் அப்படியே இருக்கிறது. இன்னும் அவள் விதவைதான், பங்கு பிரிக்கவில்லை, ஆகவே எல்லாம் அவளுடையதுதான். நாம் கேட்டது அதுதானே? அதை அப்படியே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மாடிச் சாவியை வேண்டுமென்றே என் தராசுத் தட்டில் வைத்தாள். தட்டு இறங்கியது.

நம் திட்டத்தில் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். கூரை பிளக்கவில்லை. கடை நடக்கிறது. கல்யாணம் இல்லை.

அக்கா


நீபெ,
1902 மே 6

அன்புத் தம்பி எஸ்பெனுக்கு,

குளிர்காலம் முழுக்க உனக்கு எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கிரெஸ்டென் பிப்ரவரியில் செத்துப்போனார். கழி உறைந்திருந்தது. பனிக்கட்டியில் துளை போட்டு ஈட்டியால் விலாங்கு குத்துவார்களே, அதற்குப் போயிருக்கிறார். அம்மா போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். "வேலைக்காரி பேச்சக் கேட்டு எந்த எசமான் வீட்டுல கெடந்திருக்கான்?" என்று சிரித்துவிட்டுப் போனாராம். முழங்கால்வரை நனைந்து திரும்பினார். நெஞ்சில் கட்டிக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் முடிந்தது. இன்னொரு குளிர்காலம் போகட்டும் என்று நான் உனக்கு எழுதியிருந்தேன். போயிற்று.

சாவுக்கு நான் போனேன். போகாவிட்டால் ஊர் பேசும். தேவாலயத்துக்குப் போன வரிசையில் முன்னால் யெப்பெ, அவன் மனைவி, பிறகு படகுக்காரர்கள், அவர்களோடு நான், கடைசியில் வேலைக்காரர்கள். அம்மா கடைசியில் வந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்துப் பண்ணையின் மாட்டுக்காரிப் பெண் ஒருத்தி அம்மாவின் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

பிறகு வீட்டில் காபியும் கேக்கும். அப்போது யெப்பெயின் மனைவிதான் வீட்டுக்காரி. வந்தவர்களுக்கு அம்மா காபி ஊற்றினாள். "போடில், சக்கரைக் கிண்ணம் காலி." "போடில், அந்தக் கதவைச் சாத்து, குளிருது." அம்மா சாத்தினாள். என் கோப்பைக்கும் வந்தாள். "பால் வேணுமா?" என்று கேட்டாள், மற்றவர்களைக் கேட்டது போலவே. வேண்டாம் என்றேன். குடித்தேன். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காபி சூடாக இருந்தது, வாயைச் சுட்டுக்கொண்டு குடித்தேன்.

மனைவியாக இருந்திருந்தால் அந்த வீட்டில் அவள் உட்கார்ந்திருப்பாள். பிரிக்காமல் வைத்து ஆளவும் உரிமை இருந்திருக்கும், யெப்பெ தொப்பியைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றிருப்பான். எனக்குச் சட்டம் நன்றாகத் தெரியும், உனக்கும் தெரியும். திரும்பத் திரும்ப எழுத வேண்டாம்.

செத்தவருடைய போஹாவெயைக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்களாம். எந்தச் சட்டி எங்கே என்று யெப்பெக்குத் தெரியவில்லை. அம்மாதான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். காபி மில்லையும் எடுத்துவைத்தாள். அது அவளுக்காக வாங்கியது, விற்றவள் நானே சாட்சி. யெப்பெயிடம் போய்ச் சொல்லப் போகிறேன் என்றேன். "விடுடி. அவரு பேருல வாங்கினாரு, அவரு செத்தாரு. போஹாவெல இருக்குற அந்த 'போ'வப் பாரு, நம்ம பேச்சுல வாழுறதுக்கும் 'போ'தான், செத்தவன் விட்டுட்டுப் போனதுக்கும் 'போ'தான். எவனோ யோசிச்சுத்தான் வச்சிருக்கான்" என்றாள். இப்போது யெப்பெயின் மனைவி மடியில் வைத்துச் சுற்றுகிறாள். பித்தளைக் கிண்ணத்தை அம்மா துடைத்து வைக்கிறாள்.

அம்மாவின் வேலை ஒப்பந்தம் மே முதல் தேதிவரை. பாதியில் வேலையை விட்டு வந்தால் குற்றம், அதனால் நான் காத்திருந்தேன். மாடியைக் கழுவினேன். அடுப்பு மூட்டினேன். முதல் தேதி விடியற்காலையிலேயே வாடகை வண்டி பிடித்துக்கொண்டு போனேன், நல்ல வண்டி, மெத்தை வைத்தது. அம்மா பின்கட்டில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள். பெட்டி எங்கே, கட்டவில்லையா என்றேன். யெப்பெயிடம் இன்னும் ஆறு மாதத்துக்கு அச்சாரம் வாங்கிவிட்டாளாம்.

எனக்கு ஆத்திரம் வந்தது. உனக்குச் சொந்த வீடு இருக்கிறது, சொந்தக் கட்டில், சொந்தக் கடிகாரம், உன் கல்யாண வண்டியில் வந்த அத்தனையும் இருக்கிறது, இங்கே அடுக்களைக்குப் பின்னால் ஓர் இருட்டறையில் கிடந்து அடுத்தவன் சட்டியைக் கழுவ வேண்டுமா என்று கத்தினேன். யெப்பெயின் மனைவி ஜன்னலில் நின்று கேட்டாள், கேட்கட்டும் என்று விட்டேன்.

அம்மா வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"இங்க நான் கழுவுறது எதுவும் என்னோடது இல்லடி. அதனால நான் எப்ப சாவேன்னு இங்க ஒருத்தரும் காத்துட்டிருக்கல" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மீன் விலை சொல்வது போலச் சொன்னாள். பிறகு, "வண்டிக்குக் காசு குடுத்திருப்ப, வெறுமையாப் போகாத. உருளைக்கிழங்கு ஒரு மூட்டை இருக்கு, ஏத்திக்க" என்றாள். மெத்தை வைத்த வண்டியில் உருளைக்கிழங்கு மூட்டையோடு திரும்பினேன். ஊர் பார்த்தது.

முடியவில்லை, கேள். அம்மா நீதிபதியிடம் ஆள் அனுப்பியிருக்கிறாள். பங்கு பிரித்துவிடச் சொல்லியிருக்கிறாள். கல்யாணத்துக்காக இல்லை. தன் பாதியும் தனக்கு வேண்டாமாம்; வீடு, போஹாவெ எல்லாம் பிள்ளைகள் இருவருக்கும், இப்போதே, அவள் கண்முன்னாலேயே. அதே சேணக்காரரும் ரொட்டிக்காரரும் வந்து சாமானைச் சமமாக இரண்டு குவியல் போடுவார்கள், நீயும் நானும் சீட்டு எடுக்க வேண்டும். நீதிபதி என்னைக் கூப்பிட்டுத் தாளை நீட்டினார். மை சரியில்லை, வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன். "போன தடவ எங்கிட்ட பேனாவைப் பிடுங்காத குறையாப் போட்டீங்க" என்று அவர் சிரித்தார். தாள் என் கல்லாவுக்குள் கிடக்கிறது.

உனக்கும் ஒன்று வரும், இதற்குள் வந்திருக்கும். பார், எஸ்பென், எனக்கு உன் கையெழுத்து வேண்டாம். போடாதே. கடைக்காகச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள். இப்போது வீட்டுச் சந்தை மந்தம், பழைய சாமானை எவனும் வாங்குவதில்லை, இந்த வருஷம் பிரிப்பது முட்டாள்தனம். பதில் எழுதாமல் இருந்தால் ஒரு வருஷம் கிடைக்கும். அந்த ஒரு வருஷத்துக்கு அந்த மாடி அம்மாவுடையது. நவம்பரில் மறுபடியும் வீடு மாறுகிற நாள் வரும். கிழவிகளுக்கு முழங்கால் வலி வரும், மனசு மாறும், யெப்பெயின் மனைவியும் நல்லவள் இல்லை. மாடிக் கட்டிலை நான் தினமும் தட்டிப் போட்டு வைத்திருக்கிறேன். தூசி பிடித்த சாமான் விலை போகாது, அதற்காகத்தான்.

நீதிபதிக்குத்தான் எழுத வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு எழுது. விலாசம், யெப்பெயின் வீடு, வேலைக்காரி போடில். என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியாது, நீ வெண்ணெய் விற்கிறவன், உனக்கு மென்மையாகப் பேச வரும். என் பெயரை அதில் எழுதாதே.

தேவன் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். அந்தத் தாள் முன்னால் வரும்போது உன் கையை அவரே பிடித்து நிறுத்தட்டும்.

உன் அக்கா,
மலேனெ